சகலை வீட்டு ஸ்பீக்கர்

எங்கள் ஊரில் ஸ்பீக்கர்கள் பாடுவது பொறாமையில்தான். கரண்ட் எல்லாம் அந்தச் சின்ன சிவப்பு விளக்கு எரிவதற்கு மட்டும். வாங்கியவரைப் பார்த்து யாராவது வயிறெரிந்தால் அவர் வீட்டு ஸ்பீக்கர் வாய் திறக்கும். எரிச்சல் கூடக் கூடப் பாட்டு துலங்கும். பொறாமைப்பட ஆளில்லாதவர் எத்தனை உசத்தியாக வாங்கி வைத்தாலும் அது வெறும் மரப்பெட்டிதான்.

அதனால் ஸ்பீக்கர் எடுக்கப் போகிறவர்கள் தங்கள் மேல் பொறாமை உள்ள ஒருவரைக் கையோடு அழைத்துப் போவது வழக்கம். கடையின் நடுவில் அவருக்கென்று நாற்காலி போட்டிருக்கும். சூடாகக் காபி கொடுப்பார்கள். மோர் மட்டும் கொடுக்க மாட்டார்கள். வயிறு குளிர்ந்தால் பாட்டில் பாஸ் சத்தம் இறங்கிவிடும்.

அந்த நாற்காலியில் சென்னியப்பனை மிஞ்ச ஆள் கிடையாது. நூல் மில்லில் மேற்பார்வையாளர். அடுத்தவர் வீட்டு முருங்கை காய்த்தாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். அதை அவர் மறைத்ததும் இல்லை. "சென்னியண்ணன் வந்து உக்காந்தாருன்னா தவில்ல வெரல் படறதுகூடத் தனியாக் கேக்குமுங்க" என்று ஊரே சொல்லும். முகூர்த்த நாட்களில் அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியிருந்தது.

ஆனால் அவர் வீட்டு ஸ்பீக்கர் ஊமை. தேக்குப் பெட்டி, ஆள் இடுப்புயரம், பார்வைக்கு ராஜா போல இருக்கும். அதை வாங்கப் போனபோது மில்லில் தன் கீழே வேலை செய்யும் ஒருவனை அழைத்துப் போயிருந்தார். அவனோ நாற்காலியில் உட்கார்ந்து, "நல்லா இருங்கண்ணா" என்று மனசார வாழ்த்திவிட்டான். ஸ்பீக்கர் ஒரு முனகல்கூட முனகவில்லை. போகப் போகச் சரியாகும் என்று கடைக்காரர் அருளானந்தம் கட்டிக் கொடுத்தார். சரியாகவில்லை. உலகத்தில் ஒருத்தருக்குமா தன்னைப் பார்த்து வயிறெரியவில்லை என்று சென்னியப்பன் உள்ளுக்குள் புழுங்கினார். தன் மனைவி தங்கமணி தன் வீட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. தங்கமணி ஸ்பீக்கர்களின் தலையில் ஊறுகாய் ஜாடிகளை வைத்திருந்தாள்.

அப்படியிருக்கும்போதுதான் சகலை குழந்தைவேலு வந்து நின்றார். தங்கமணியின் தங்கை பூங்கொடியின் புருஷன்.

"சகலை, ஞாயித்துக்கெழம ஸ்பீக்கர் எடுக்கலாம்னு இருக்கறோமுங்க. நீங்க வந்தே ஆகோணும்."

மாட்டேன் என்றால் பொறாமை என்பார்கள். போனால் அந்தப் பொறாமையிலேயே சகலை வீடு பாடும். வெகுநேரம் யோசித்து, போய் உட்கார்ந்து பொறாமைப்படாமல் இருந்துவிடுவது என்று சென்னியப்பன் முடிவு செய்தார்.

கடையில் முதல் ஜோடியை மாட்டினார்கள். சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு குழந்தைவேலுவின் சர்க்கரை வியாதியை நினைத்தார். ஸ்பீக்கர் தொண்டை கட்டினதுபோலக் கரகரத்து அடங்கியது. அடுத்த ஜோடிக்குக் குழந்தைவேலுவின் வழுக்கையை நினைத்தார். அதுவும் எடுபடவில்லை. அருளானந்தம் காபியை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். சென்னியப்பனுக்கு வயிறு குளுகுளுவென்று இருந்தது.

மூன்றாவது ஜோடியை மாட்டும்போது பூங்கொடி தன் புருஷனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "உங்களுக்குப் புடிச்சதே எடுங்க மாமா" என்றாள்.

அவ்வளவுதான். நாதஸ்வரம் எழுந்தது. வாசிக்கிறவர் மூச்சிழுப்பதும், பக்கத்தில் யாரோ வெற்றிலையை மடிப்பதும் கேட்டது. அட, இவனுக்கா இப்படி ஒரு ஸ்பீக்கர் என்று சென்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரவும் சத்தம் இன்னும் துலங்கியது. துலங்கவும் இன்னும் எரிந்தது. கடைசியில் கண்ணாடி அலமாரி அதிர ஆரம்பித்ததால் அருளானந்தம் அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி வெளியே உட்கார வைத்தார்.

"இதையே கட்டீருங்க" என்றார் குழந்தைவேலு.

பொறாமைக்கு ஒரு குணம் உண்டு. கண்ணிலும் காதிலும் படாவிட்டால் ஆறிவிடும். ஆறட்டும் என்று சென்னியப்பன் வீட்டிலேயே இருந்திருக்கலாம். முடியவில்லை. முதலில் சாயங்காலம் மட்டும் போனார். பிறகு மில்லுக்கு லீவு சொன்னார். தங்கமணி அவருடைய வேட்டி சட்டைகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நேர் எதிரே குழந்தைவேலு அவருக்கு ஒரு பிரம்பு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

ஊர் திரண்டு வந்தது. வந்தவர்கள் பாட்டைக் கேட்டார்கள், ஸ்பீக்கரைத் தடவிப் பார்த்தார்கள், பிறகு சென்னியப்பனின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்கள். "என்ன ஒரு வயித்தெரிச்சலுங்க! கலப்படமே இல்ல" என்றார் ஒரு ரிட்டயர்டு வாத்தியார். நாளாக ஆக வாசலில் நின்று, "சென்னியண்ணன் இருக்கறாருங்களா?" என்றுதான் கேட்டார்களே தவிர, வீட்டுக்காரரை யாரும் விசாரிக்கவில்லை. ஒரு நாள் பூங்கொடி பணியாரத்தின் முதல் ஈட்டை அவருக்கே வைத்தாள். குழந்தைவேலு சமையலறைக் கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் புளித்த மாவாக இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் சென்னியப்பனுக்குப் போன் வந்தது.

"ஏனுங்க, பாடுதுங்க" என்றாள் தங்கமணி.

"எது?"

"நம்ம வூட்டு ஸ்பீக்கர்தான். ஊறுகா ஜாடியெல்லாம் கீழ எறக்கி வெச்சுட்டேன். பக்கத்துல போயிப் புடிக்கறேன், கேளுங்க."

சென்னியப்பன் கேட்டார். போனுக்குள்ளிருந்து சன்னமாக ஒரு வீணை வந்தது. அதன் பின்னால் தங்கமணி சிரிப்பதும் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. யாரோ ஒரு மனுஷன், தேக்குப் பெட்டியில் ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு, இப்படிச் சிரிக்கிற பெண்டாட்டியோடு, சொந்த வீட்டில் சௌக்கியமாக இருக்கிறான் என்று தோன்றியது. சென்னியப்பனின் அடிவயிறு கனன்றது. இத்தனை வருஷத்தில் அவர் யார்மேலும் இவ்வளவு பொறாமைப்பட்டதில்லை.

எதிரே சகலையின் ஸ்பீக்கர்கள் இரண்டும் பாட்டின் நடுவிலேயே நின்றுபோயின. போனில் வீணை பெருகி வந்தது. தந்தியில் நகம் உரசுவது வரை துல்லியமாகக் கேட்டது.

குழந்தைவேலு இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். போனை நடுவில் வைத்து இருவரும் குனிந்து கேட்டார்கள்.

"ஒரு நா நேர்ல போயிக் கேட்டுப்போட்டு வரலாமுங்களா சகலை?" என்றார் குழந்தைவேலு.

"எங்கீங்க" என்றார் சென்னியப்பன். "அவனெல்லாம் நம்மளக் கூப்புடவா போறான்."