ஆட்டக்காரிக்குப் பதினாறு படங்கள்

தெமுகிசா வரைந்த ஆட்டக்காரிக்கு மொத்தம் பதினாறு படங்கள். முதல் படத்தில் கைகள் இடுப்பருகே இருக்கும். எட்டாவதில் வலப்பக்கம் அலைபோல விரிந்திருக்கும். பதினாறாவதிலிருந்து மறுபடி முதலாவதுக்குப் போகும்போது எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. இந்தச் சுற்றையே ஓடவிட்டு, பின்னால் மட்டும் கடல், பள்ளிக்கூடம், விமான ஓடுபாதை என்று மாற்றிக்கொண்டே போனால் இரண்டு நிமிடப் படம் தயார். பக்கத்து நாட்டுத் தலைநகரான சூவாவில் நடக்கும் குறும்பட விழாவுக்கு அதை அனுப்புவதாக இருந்தாள். தேர்வானால் அங்கேயுள்ள அனிமேஷன் கூடத்தில் ஆறு மாதம் வேலை பழகலாம். அவள் இருந்த ஃபுனாஃபுட்டித் தீவில் அப்படிப்பட்ட கூடம் எதுவும் இல்லை. அவள் வேலை பார்த்த அலுவலகத்தில் கொசு ஒழிப்பு அறிவிப்புக்குக் கொசு வரைவதுதான் கிடைத்த பெரிய வாய்ப்பு.

பாட்டு நனுமாகா தீவுக்காரர்களுடைய ஃபாத்தேலே, கூட்டமாகப் பாடி ஆடுவது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஃபாலசேசே அக்கா கட்டியது. அவரும் ஃபுனாஃபுட்டியில் வாழும் நனுமாகாக் கூட்டமும் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அந்தப் பாட்டு எந்த ஊருக்கும் போகாது. தெமுகிசாவும் நனுமாகாக்காரிதான் என்பதால் இதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஊர்க்கூடத்தில் ஒலிப்பதிவு நடந்தது. பாய் போர்த்திய மரப்பெட்டியைச் சுற்றி ஆண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பெட்டி அடியை நடத்துகிறவர் பெனியெலி. தெமுகிசா அவரிடம் ஹெட்போனை நீட்டினாள். அதில் ஒரே சீராக டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"இது கேக்குற மாதிரியே அடிச்சா போதும். கடைசி வரைக்கும்" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

பெனியெலி அவளுடைய பெரியம்மா மகன். அண்ணன் முறை உள்ளவனும் தங்கை முறை உள்ளவளும் எதிரெதிரே நின்று வாதாடுவதில்லை, கிண்டலும் பேசுவதில்லை. எனவே அவரும் பெட்டியைப் பார்த்தே "சரி" என்றார்.

முதல் சுற்று டிக் டிக்கோடு போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது சுற்றில் பெனியெலி ஒரு கையால் அடித்தபடியே மறுகையால் ஹெட்போனைக் கழற்றிப் பாயில் வைத்தார். பிறகு அந்தப் பாட்டு எல்லா ஃபாத்தேலேயும் செய்வதைத்தான் செய்தது. அதே நாலு வரி ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் ஏறி, சத்தம் ஏறி, இனி ஏற இடமில்லை என்கிற இடத்தில் வெட்டியதுபோல நின்றது. பிற்பகல் கப்பலில் பாடகர்களில் பாதிப்பேர் நனுமாகாவுக்குக் கிளம்பிப் போனார்கள். இனி மறுபடி பதிவு செய்ய முடியாது.

"உங்க அண்ணன் டிக் டிக்கைப் பாயில படுக்க வச்சுட்டாரு, பாத்தியா?" என்றாள் மெலேயானே. வானொலியில் ஒலிப்பதிவு செய்கிறவள். தெமுகிசாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள்.

"ஏன் கழட்டுனாருன்னு கேட்டுச் சொல்லுடி."

"நீயே கேளேன்."

"நான் எப்படிக் கேக்குறது?"

"முடியாதுன்னு தெரியும். உன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கலாம்னு சொன்னேன்." போய்க் கேட்டுவிட்டும் வந்தாள். "காது வேர்த்துச்சாம்."

பாட்டையும் படத்தையும் சேர்த்து ஓடவிட்டபோது, பாட்டு முடியும் இடத்தில் ஆட்டக்காரி பல கைதட்டு பின்தங்கி, யாருமில்லாத கூடத்தில் ஆடுகிறவள் போலக் கையை விரித்துக்கொண்டிருந்தாள். இருந்த வழி ஒன்றுதான். மெலேயானே முதல் இரண்டு சுற்றுகளை மட்டும் நறுக்கி எடுத்து, அவற்றையே அடுத்தடுத்து ஒட்டினாள். படமும் பாட்டும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. தெமுகிசாவுக்கு மனம் நிறைந்தது.

சனிக்கிழமை மாலை ஊர்க்கூடத்தில் வெள்ளைத்துணி கட்டிப் போட்டுக்காட்டினார்கள். சுவரோரம் சுற்றிலும் உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். துணி வெறும் வெள்ளையான பிறகும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் தலைவர் தாவிதா தொண்டையைச் செருமினார்.

"எப்பம்மா ஆரம்பிக்கும்?"

"முடிஞ்சிருச்சுங்க."

"ஓ" என்றார் தாவிதா. பக்கத்தில் இருந்தவரிடம் விசிறியைக் கேட்டு வாங்கி வீசிக்கொண்டார்.

ஃபாலசேசே சுற்றி வளைக்கவில்லை. "பொண்ணு அழகா இருக்கா. கடலும் நல்லா இருக்கு. பாட்டுதான் காய்ச்சல்ல கிடக்குது. இதை அனுப்பணும்னா வேற பாட்டைப் போட்டு அனுப்பு."

"வேற பாட்டு இல்லக்கா. செவ்வாய்க்கிழமைக்குள்ள போய்ச் சேரணும்."

"அப்ப செவ்வாய்க்குள்ள அதை எழுப்பு."

ஞாயிற்றுக்கிழமை அவள் கணினியைத் தொடவில்லை. அந்த வீட்டில் ஞாயிறன்று யாரும் எந்த வேலையையும் தொடுவதில்லை. இரண்டு வேளை தேவாலயம், நடுவில் புலாக்காக் கிழங்கும் மீனும், பிறகு தூக்கம். தூக்கம் வராமல் படுத்திருந்தாள். பதினாறு படங்களுக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. வேகத்துக்குத் தகுந்தபடி புதிதாக வரைய ஒரு நாள் போதாது.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னாள். முழுப் பாட்டையும் திரும்ப எடுத்துப் போட்டு, பாட்டு ஏற ஏறப் படங்களையும் வேகமாக ஓடவிட்டாள். கடைசிச் சுற்றில் ஆட்டக்காரியின் கைகள் கரைந்து வெறும் மங்கலாகத் தெரிந்தன.

"இவ ஆடலடி, ஈ ஓட்டுறா" என்றாள் மெலேயானே.

தெமுகிசா கைபேசியில் போன விருந்தில் எடுத்த ஆட்டத்தைத் தேடி எடுத்தாள். கடைசிச் சுற்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். மெதுவான சுற்றில் ஒவ்வொரு கையும் போகிற வழியெல்லாம் தெரிந்தது. வேகமான சுற்றில் வழி என்று எதுவும் இல்லை. கை இங்கே இருந்தது, அடுத்த அடியில் அங்கே இருந்தது. நடுவில் இருந்ததைப் பெட்டியின் அடிதான் நிரப்பியது.

"வரையறதுக்கு ஒண்ணுமில்ல. எடுக்கத்தான் இருக்கு" என்றாள்.

"என்னது?"

"படத்தை."

மூன்றாவது சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாக எட்டுப் படங்களை நீக்கினாள். அடுத்த சுற்றில் நாலு மட்டும் வைத்தாள். அலைபோல விரியும் எட்டாவது படம்தான் அவளுக்குப் பிடித்தது. அது நடுவழிப் படம் என்பதால் அதுவும் போனது. கடைசிச் சுற்றுக்கு இரண்டே படங்கள் மிஞ்சின. பின்னணியையும் எடுத்துவிட்டாள். கடலும் பள்ளியும் அந்த வேகத்தில் இடைஞ்சலாக இருந்தன. ஓட்டிப் பார்த்தார்கள். மெலேயானே காலால் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்தவர்கள் வந்த உடையிலேயே கூடத்தில் உட்கார்ந்தார்கள். விழாக்காரர்கள் படங்களைப் பெற்றுக்கொள்ளும் நேரம் அன்று இரவோடு முடிகிறது. தெமுகிசா துணியைப் பார்க்காமல் ஃபாலசேசேயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. பாட்டு ஏறியது. யாரோ தொடையில் தட்டினார்கள். இரண்டு படங்களுக்கு நடுவே ஆட்டக்காரி வெட்டி வெட்டி நின்றாள். பாட்டு அறுந்தது, துணி இருண்டது.

பிறகு கூடத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து பெட்டியில் ஓர் அடி விழுந்தது. ஃபாத்தேலேயில் ஒரே ஊர்க்காரர்கள்தான் எப்போதும் இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்காருவார்கள். ஒரு பக்கம் ஆடி முடித்தால் மறுபக்கம் பதில் ஆடவேண்டும். பதில் கொடுக்காத பக்கம் தோற்றதாகப் பேசப்படும், அந்தப் பேச்சு வருடக்கணக்கில் நிற்கும். எதிர்ப்பக்கத்தில் நாலைந்து பெண்கள் அலுவலகச் சட்டையோடே எழுந்துவிட்டார்கள்.

"ஏம்மா, அந்தத் துணியைக் கொஞ்சம் அவிழ்த்துடு" என்றார் தாவிதா. "ஆட இடம் வேணும்."

தெமுகிசா ஃபாலசேசேயிடம் போனாள். "அக்கா, அனுப்பலாமா?"

"இன்னும் அனுப்பலையா?" ஃபாலசேசே அவளைப் பார்க்கவேயில்லை. எதிர்ப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க என்ன பாட்டை எடுக்குறாங்க பாரு, போன வருஷத்துது. நகரு, நகரு. நம்ம பொம்பளைங்க எங்க போனாங்க?"

துணியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கணினியை எடுத்துக்கொண்டு தெமுகிசா வெளியே வந்தாள். கூடத்துக்குள் இணையம் கிடைக்காது. ஓடுபாதை ஓரத்தில் பந்தாடிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, அலுவலகச் சுவருக்கு அருகில் போய் உட்கார்ந்தாள். விழாப் படிவத்தில் பாட்டு யாருடையது என்று கேட்ட இடத்தில் ஃபாலசேசேயின் பெயரை எழுதினாள். அதன் கீழே நனுமாகா மக்கள் என்று சேர்த்தாள். படம் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே எதிர்ப்பக்கத்தார் இரண்டாம் சுற்றுக்கு வந்திருந்தார்கள்.