சபூறாவின் மருதோன்றி வேலி

சாய்ந்தமருதில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில், சபூறாவின் மருதோன்றி வேலியைத் தெரியாத பெண்கள் இல்லை. கலியாணம் முடித்த புதிதில், கிணற்றடியில் குளிக்க ஒரு மறைப்பு வேண்டும் என்று அவளே ஊன்றிய தடிகள் அவை. கிளைத்து, நெருங்கி, ஆளுயரத்துக்குப் பச்சைச் சுவராய் நின்றன. பெருநாள் நெருங்கினால், கையில் அரைத்துப் பூச இலை கேட்டு அயல் பெண்கள் சுளகும் கையுமாக வந்துவிடுவார்கள். சபூறா எவரையும் செடியில் கைவைக்க விடமாட்டாள். தானே நுனி நுனியாகக் கிள்ளிச் சுளகில் போடுவாள். ஒரு கொப்பு அளவுக்கு மீறி நீண்டால் சின்னக் கத்தியால் அடியில் சரித்து வெட்டுவாள். வேறு எதிலும் அவளுக்கு அவ்வளவு பொறுமை இருந்ததில்லை. புருஷன் முத்தலிபிடமும் இல்லை, ஒரே மகள் றாஹிலாவிடமும் இல்லை.

ஐம்பத்து மூன்றாம் ஆண்டு, கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்த ஒரு காலையில், முத்தலிபின் மூத்த சகோதரி பாத்தும்மா மாட்டுக் கரத்தையோடு வந்து இறங்கினாள். கூடவே முத்தலிபின் கரைவலையை இழுக்கும் ஆட்கள் இரண்டு பேர். அவர்கள் கையில் கொடுவாக்கத்தி இருந்தது.

"என்ன மதினி, கத்தியோட?"

"மருதோண்டி வேணும் புள்ள. கலியாண ஊட்டுக்கு. கொஞ்சநஞ்சம் காணா. குடும்பம் முழுக்கப் பூசப் போறாங்க."

"அதுக்கென்ன, சுளகத் தாங்க. கிள்ளித் தாறன்."

"நீ கிள்ளி முடிக்கக்குள்ள பொண்ணுக்குப் புள்ளயும் புறந்திரும். டேய், வெட்டுங்கடா."

சபூறா குறுக்கே போனாள். பாத்தும்மா அவளுடைய கையைப் பிடித்து ஒரு பக்கமாக நிறுத்தினாள், சின்னப் பிள்ளையை நிறுத்துவது போல. அந்த ஆட்கள் மீன் வெட்டிப் பழகியவர்கள். செடியின் இடுப்பில் ஓங்கிப் போட்டார்கள். பாதி வெட்டுப்பட்ட கொப்புகளை இழுத்து முறித்தார்கள். பட்டை நாராய்க் கிழிந்து வேர்வரைக்கும் உரிந்து வந்தது. கிணற்றடி வெளித்துக்கொண்டே போனது. றாஹிலா அப்போது வயதுக்கு வந்து கொஞ்ச நாள்தான். ஒழுங்கையால் போனவன் ஒருவன் உள்ளே எட்டிப் பார்க்க, அவள் வீட்டுக்குள் ஓடினாள்.

"ஆருட கலியாணம் மதினி, இப்பிடிப் பேய் வெட்டு வெட்டுறத்துக்கு?"

"மருதமுனையில. நெசவுகார ஆக்கள். பொண்ணுக்கு ஸம்ஸியா எண்டு பேர்."

கரத்தை நிறைந்தது. பாத்தும்மா வளவு வாசலில் கடப்படி வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள். வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"மாப்புள ஆரெண்டு நீ கேக்கல்லியே புள்ள."

சபூறா அவளைப் பார்த்தாள்.

"உன்ட மனிசன்தான். அவனுக்கு ஆம்புளப் புள்ள வேணுமாம். நீ ஒத்தப் பொட்டப் புள்ளயோட நிண்டுட்டாய்."

கரத்தை போய்விட்டது. சபூறா அழவில்லை. குந்தியிருந்து, கிழிந்த பட்டைகளை ஒவ்வொன்றாகப் பொத்திப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை.

அந்திக்கு முத்தலிப் வந்தபோது கதவு பூட்டியிருந்தது. அந்த ஊரில் வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை வந்து குடியிருப்பவன்தான். உள்ளேயிருந்து சபூறா சொன்னாள்:

"இது என்ட உம்மா எனக்குத் தந்த ஊடு. வெட்டின மருதோண்டி எங்க போச்சோ, அங்க போங்க."

அவன் கதவை உதைத்தான். அயலெல்லாம் கூடும் அளவுக்குக் கத்தினான். கடைசியில் சொன்னான்: "உனக்குத் தலாக்கும் தரமாட்டன். சாகும் வரைக்கும் என்ட பேரிலயே கிட."

அதற்குப் பிறகு அவன் அந்த ஒழுங்கைப் பக்கம் வரவில்லை. சபூறாவுக்குச் சவளக்கடையில் சீதன வயல் இருந்தது. சோற்றுக்குக் குறைவில்லை. அவள் கிணற்றடி மறைப்புக்குத் தென்னோலைக் கிடுகு கட்டிக்கொண்டாள். மருதோன்றியைத் தொடவில்லை.

மாரி மழை விழுந்ததும் செடிகள் பைத்தியம் பிடித்ததுபோல் கிளம்பின. வெட்டுப்பட்ட ஒவ்வோர் இடத்திலிருந்தும் கொத்துக் கொத்தாய்ச் சாட்டைத் தடிகள் மேலே பாய்ந்தன. ஒன்றை ஒன்று குத்தி, பின்னி, முள் வைத்தன. உள்ளே பழைய கொப்புகள் கருகி உக்கின. இலை வெளிப்புறத்தில் மட்டும், அதுவும் சின்னதாய், வெளிறிப்போய். அடுத்த மாரிக்குப் பிறகு கிடுகுக்கு மேலால் சாய்ந்து, கிணற்றுக்குள் குப்பை கொட்டத் தொடங்கியது. முசுறெறும்பு இலைகளைப் பின்னிக் கூடு வைத்தது.

பக்கத்து வளவு முனவ்வறா வந்து சொல்லிப் பார்த்தாள். "சபூறா, பாம்பு கீம்பு அடஞ்சிரும். ஒரு ஆளப் புடிச்சு வெட்டன்கா."

"வெட்டுறத்துக்கு ஆள் வரும்" என்றாள் சபூறா.

சும்மா சொன்ன பேச்சுத்தான். ஆனால் ஆள் வந்தது.

அதிலிருந்து மூன்றாம் கச்சான் காற்று முடியும் காலம். மருதமுனைக் கரத்தை ஒன்று கடப்படியில் நின்றது. ஸம்ஸியாவின் தம்பிமார் இரண்டு பேர் முத்தலிபைத் தூக்கி இறக்கினார்கள். பாரிசவாதம் அவனுடைய வலப்பக்கத்தை இழுத்துப்போட்டிருந்தது. வாய் கோணி, ஒரு தடியில் சாய்ந்து நின்றான். கரைவலையும் தோணியும் ஏற்கெனவே கைமாறிப் போயிருந்தன.

"எங்கட ராத்தா கைப்புள்ளக்காரி. இவர வெச்சுப் பாக்க ஏலா" என்றான் ஒருவன். "நீங்களும் பொண்டாட்டிதானே." பதிலுக்குக் காத்திராமல் கரத்தையைத் திருப்பினான்.

முத்தலிப் வாசலைப் பார்த்து ஓர் அடி வைத்தான். சபூறா படியில் நின்றாள். அவளுக்குள் ஏதோ இனித்தது. கனகாலமாய்ப் பசித்துக் கிடந்த ஒன்றுக்கு முதல் கவளம் கிடைத்ததுபோல் இருந்தது.

"வலைக் கொட்டில் சும்மாதான் கிடக்கு. அங்க படுங்க. சோறு வரும்."

"ஊட்டுக்குள்ள…"

"வரலாம். அந்த மருதோண்டிய வெட்டி முடிச்சிட்டு வாங்க."

முத்தலிப் புதரைப் பார்த்தான். தன்னுடைய கையைப் பார்த்தான்.

"நான் வெட்டச் சொல்லல்ல சபூறா. இலதான் பறிக்கச் சொன்னன். அவனுகள்தான்…"

"ஓம். நீங்க சொல்லல்ல. அதுதான் இப்ப சொல்றன்."

றாஹிலா குசினிக்குள்ளிருந்து வந்து தகப்பனைப் பார்த்தாள். அவன் போகும்போது அவளிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போனவன். அவள் விளக்குமாற்றை எடுத்தாள். கொட்டிலைக் கூட்டிப் பாய் விரித்தாள்.

அடுத்த நாள் காலையில் சபூறா அவன் இடக்கையில் கத்தியைக் கொடுத்தாள். கிணற்றுக்கட்டில் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்தாள். முத்தலிப் கைக்கு எட்டிய உயரத்தில் ஒரு தடியை வெட்டினான்.

"அங்க இல்ல. அடியில. இடுப்பில வெட்டித்தானே இது இந்தக் கோலத்தில நிக்கிது. குனிஞ்சு வெட்டுங்க."

அவனால் குனிய முடியவில்லை. மணலில் உட்கார்ந்து, ஒரு பக்கமாய்ச் சரிந்து, தரையோடு வெட்டினான். இடக்கை பழக்கமில்லாத கை. கத்தி வழுக்கியது. முள் முகத்தில் கீறியது. ஒரு தடியைப் பத்துத் தரம் கொத்தி முறிக்க வேண்டியிருந்தது. முறிந்ததும் சபூறா எழுந்துபோய் வெட்டுவாயைப் பார்த்தாள்.

"கிழிஞ்சிருக்கு. சரியா வெட்டுங்க. தண்ணி நிண்டு உக்கிப் போகும்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. பட்டுப்போன கொப்பை முதலில் எடுக்க வேண்டும், குறுக்கே ஓடுவதை எடுக்க வேண்டும், மிச்சத்தை மாரிக்கு முன்னால் அடியில் வெட்டிவிட்டால் செடி புதிதாய் வரும். எல்லாம் உண்மை. கூலிக்கு ஓர் ஆள் பிடித்திருந்தால் பொழுது சாய்வதற்குள் முடிந்திருக்கும் என்பதும் உண்மை. அதையும் அவள் அறிந்தே இருந்தாள்.

ஊர் பார்த்தது. ஒழுங்கையால் கடலுக்குப் போகிறவர்கள், ஒரு காலத்தில் அவனிடம் கைகட்டி நின்ற வலைகாரர்கள், கடப்படியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் சிரித்தார்கள். "முதலாளி, இது எந்த ஊட்டுக் கலியாணத்துக்கு?" என்று ஒருவன் கேட்டான். அன்றைக்கு வேலியை வெட்டிய இருவரில் ஒருவன் அவன். முத்தலிப் தலையை நிமிர்த்தவில்லை. சபூறா, கேட்டவனுக்கு வெற்றிலை கொடுத்தனுப்பினாள்.

முனவ்வறாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "அல்லாஹ்வுக்குப் பயப்புடு சபூறா. நோயாளி மனிசன்."

"நான் என்ன, பட்டினியா போட்டன்? மூணு நேரமும் சோறு போகுது. மீன் போகுது. கேட்டுப் பாரு."

கேட்டால் அவனும் ஓம் என்றுதான் சொல்வான். சொல்ல அவனுக்கு வேறு எதுவும் இருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, றாஹிலா கல்முனையில் தைக்கக் கொடுத்திருந்த சட்டையை எடுக்க முனவ்வறாவோடு போயிருந்தாள். பாதி வேலி முடிந்திருந்தது. முத்தலிப் அடுத்த செடியின் அடிக்குள் நுழைந்து வெட்டிக்கொண்டிருந்தவன், நிலை தவறி முகம் குப்புறப் புதருக்குள் விழுந்தான். சபூறா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். விழுந்த சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து அவன் குரல் கேட்டது.

"சபூறா."

அவள் துருவலையில் கையை நிறுத்தினாள். மறுபடியும் திருவினாள்.

"சபூறா, முசுறு… சபூறா!"

எழுந்து போகலாம் என்றுதான் நினைத்தாள். தேங்காய் முடியட்டும் என்று இருந்தாள். தேங்காய் முடிந்தது. பால் பிழிந்துவிட்டுப் போகலாம் என்று இருந்தாள். பாலும் பிழிந்தாள். உலை கொதித்தது. அரிசி போட்டாள். அன்றைக்குக் கதவை உதைத்த கால் அது, தலாக்குத் தரமாட்டேன் என்ற வாய் அது என்று ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க கால் தரையில் ஊன்றிக்கொண்டது. வெளியே குரல் தேய்ந்து, முனகலாகி, அதுவும் நின்றது. அதற்குப் பிறகும் சோற்றை வடித்து முடித்தாள்.

றாஹிலாதான் வந்து கண்டாள். அவள் போட்ட கூக்குரலில் ஒழுங்கையே திரண்டது. முள்ளுக்குள் இருந்து இழுத்து எடுத்தபோது முத்தலிபின் முகம் வீங்கி, கண் மூடிப்போயிருந்தது. இமைக்குள்ளும் காதுக்குள்ளும் சிவப்பெறும்பு. றாஹிலா தாவணித் தலைப்பால் துடைத்துத் துடைத்து எடுத்தாள்.

"உம்மா, நீங்க ஊட்டிலதானே இருந்தீங்க?"

சபூறா படியில் நின்றாள்.

"கேக்கல்லியா உங்களுக்கு?"

கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். சபூறாவுக்கு அது வரவில்லை. "கேட்டது" என்றாள்.

றாஹிலா எழுந்தாள். ஒரு கரத்தை பிடித்துத் தகப்பனை ஏற்றினாள். அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பாத்தும்மாவின் வீட்டுக்குப் போனாள். அந்த வீடு இப்போது பாத்தும்மாவின் மகளுக்குச் சீதனமாகிவிட்டது. பாத்தும்மாவே அங்கே குசினியை ஒட்டி இறக்கிய சாய்ப்பில்தான் படுத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சாய்ப்பின் மறுபாதியில் முத்தலிபைக் கிடத்தினார்கள். சபூறாவின் மகள், அன்றைக்குக் கத்தியோடு வந்த அந்த மாமியின் கையால் சோறு வாங்கித் தின்று, தகப்பனுக்குக் கழுவித் துடைத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள். சபூறா இரண்டு தரம் ஆள் அனுப்பினாள். பதில் வரவில்லை.

மாரிக்கு முகில் கட்டத் தொடங்கியபோது முத்தலிப் மௌத்தானான்.

செய்தியோடு முனவ்வறா வந்தாள். அவளுடைய கையில் வெள்ளைச் சீலை ஒன்று இருந்தது.

"தலாக் இல்லியே புள்ள. நீ இன்னும் அவன்ட பொண்டாட்டிதான். இத்தா இருக்கணும்."

சபூறா சீலையை வாங்கி உடுத்தாள். நான்கு மாதச் சொச்சம், அந்நிய ஆண் கண்ணில் படாமல் உள்ளறையில் இருக்க வேண்டும். மருதமுனையில் ஸம்ஸியாவும் இதே வெள்ளையில் இருப்பாள் என்று நினைத்தாள். அந்தப் பெண்ணை அவள் ஒரு நாளும் கண்டதில்லை. மையித்தின் முகத்தைப் பார்க்கவும் அவளைப் பாத்தும்மா அழைக்கவில்லை.

தகப்பனுக்குக் கத்தம் ஓதி முடிந்தபின் றாஹிலா திரும்பி வந்தாள். இத்தா இருக்கிறவளுக்குச் சோறு கொடுக்க ஆள் வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். சமைத்தாள், கொண்டுவந்து வைத்தாள், கோப்பையை எடுத்துப் போனாள்.

ஒரு நாள் காலையில் வளவுக்குள் ஓர் ஆண் குரல் கேட்டது. பாண்டிருப்பிலிருந்து கூலிக்கு வரும் சின்னப்போடி. மிச்சமுள்ள செடிகளை மழைக்கு முன்னால் வெட்ட றாஹிலா ஆள் பிடித்திருக்கிறாள் என்று சபூறா நினைத்தாள். மனம் ஒரு கணம் இளகியது. பிறகு சத்தம் வந்தது. கத்தியின் சத்தம் இல்லை. நிலத்துக்குள் இறங்கி வேரைக் கிளப்பும் இரும்பு அலவாங்கின் சத்தம். வேர் ஒன்று இறுகி, அறுந்தது.

"றாஹிலா, என்னகா அது?"

"மருதோண்டிதான் உம்மா." வெளியேயிருந்து அமைதியாகப் பதில் வந்தது.

"அடியில வெட்டினாக் காணும் புள்ள. மழையோட தளிர்த்திரும்."

"வெட்டல்ல. கிளப்புறம். எனக்குச் சீதனமெண்டு வெச்ச வளவுதானே." பிறகு அதே குரலில்: "சின்னப்போடி, அந்தா அந்த வேரையும் எடுங்க. ஒண்டும் மிஞ்சக் கூடா."

சபூறா எழுந்து அறை வாசலுக்கு வந்தாள். வாசலருகே குந்தியிருந்த முனவ்வறா கையை நீட்டித் தடுத்தாள். "அந்நிய ஆம்புள நிக்கான். வெளிய போகாத."

சபூறா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு செடியாக விழும் சத்தத்தைக் கேட்டாள். முத்தலிப் அடியில் வெட்டிவிட்டிருந்த செடிகளில் புதுத் தளிர் வந்திருந்ததா என்று முனவ்வறாவிடம் கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

மதியம் றாஹிலா சோறு கொண்டுவந்தாள். விரல்களில் மண் ஒட்டியிருந்தது. கோப்பையைப் பாயின் முன்னால் வைத்து, தண்ணீரையும் வைத்தாள்.

"ஆறுறத்துக்குள்ள தின்னுங்க உம்மா."

சபூறா கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் தின்று முடிக்கும் வரைக்கும்.