வம்சத்துப் பல்

வெண்ணெய் நிற வெல்வெட்டில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தால் அதை எச்சில் தொட்டுத் துடைக்கக் கூடாது. ரத்தம் வந்ததே அந்த வாயிலிருந்துதான் என்றால் கூடவே கூடாது. ஆணியாருக்கு இது துடைத்த பிறகுதான் உறைத்தது. கடுகளவு இருந்த கறை கட்டைவிரல் அகலத்துக்குப் பரந்து, வக்கீலம்மாவின் புது சோபாவில், சாய்மானத்தின் இடப்பக்கம், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

சோபாவுக்கு மெத்தை வைத்துத் துணி போர்த்துவது அவர் தொழில். வேலை நேரத்தில் உதட்டிடுக்கில் பத்துப் பதினைந்து சின்ன ஆணிகள் இருக்கும். நாக்கால் ஒன்றைத் தள்ளி, விரலால் எடுத்து, சுத்தியலால் ஒரே போடு. அதனால்தான் ஆணியார். இடுப்பில் கத்தரிக்கோல் தொங்கும். ஆனால் நூலைப் பல்லால்தான் கடிப்பார். கத்தரிக்கோல் அழகுக்கு. அன்றைக்கும் கடித்தார். நூல் அறுந்தது. கீழ்வரிசை முன்பல் ஒன்று அரைச்சுற்று ஆடி, ஈறு பொலபொலவென்று ரத்தம் விட்டது.

யோசித்தார். கறை மேல் அதே துணி போர்த்திய பட்டன் ஒன்றை வைத்து, நீள ஊசியால் உள்ளே இழுத்துக் கட்டினார். கறை மறைந்தது. ஆனால் ஒற்றைப் பட்டன் மரு மாதிரி இருந்தது. சரிக்குச் சரியாக வலப்பக்கம் ஒன்று வைத்தார். இப்போது சோபாவுக்கு ரெண்டு கண் முளைத்து அவரையே முறைத்தது. நடுவில் ஒன்று வைத்தார், மூக்கு வந்தது. மூக்கை மறைக்க மேலே மூன்று, கீழே மூன்று. ஒருவழியாக ஒன்பது பட்டனில் முகம் கலைந்தது.

சாயங்காலம் வந்த வக்கீலம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நான் பட்டனே கேக்கலையே?"

"புது மாடல் மேடம். முதுகுக்கு நல்ல பிடிமானம்."

"ஒன்பதா?"

"ஜாஸ்தின்னா ஒண்ணை எடுத்துடலாம் மேடம்." வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"அப்ப இதை எடுங்க." இடப்பக்கப் பட்டனைத் தொட்டார். ஒன்பதில் அதை மட்டும்! வக்கீல்களுக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

ஆணியார் தலையைச் சொறிந்தார். துணியின் தன்மை, நெசவு, வெளிச்சம் என்று மூன்று காரணம் சொன்னார். வக்கீலம்மா மூன்றையும் கேட்டுவிட்டு, "உண்மையைச் சொல்லுங்க" என்றார்.

"என் ரத்தம் மேடம். ஈறுலேர்ந்து."

அவர் சோபாவைப் பார்க்கவில்லை. ஆணியாரின் வாயைப் பார்த்தார். "எத்தனை நாளா?"

"ஒரு... ஆறு மாசம் இருக்கும்."

"சாய்மானத்துக்குத் துணி மாத்திக் குடுங்க. ஆனா பல் டாக்டரைப் பாத்துட்டு வந்து மாத்துங்க. அதுவரைக்கும் என் சோபா பக்கத்துல வாயைத் திறக்காதீங்க."

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவிக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஆறு மாசமா நானும் இதைத்தானே சொல்றேன்! பல் விளக்கின இடமெல்லாம் சிவப்பா இருக்குன்னு கேட்டா, பிரஷ் சாயம் போகுதுன்னீங்க."

"பிரஷ் பச்சைடி" என்று தன் வழக்கைத் தானே தோற்றார் ஆணியார்.

மூலை நாற்காலியிலிருந்து அப்பா கனைத்தார். "எதுக்கு வீண் அலைச்சல்? நம்ம வம்சத்துல நாப்பத்தஞ்சு வயசுதான் பல்லுக்குக் கெடு. எனக்கு நாப்பத்தஞ்சுல போச்சு. எங்க அப்பாவுக்கும் அப்படித்தான். உனக்கு இப்ப என்ன வயசு?"

"நாப்பத்திநாலரை."

"கரெக்டா வந்திருக்கு பாரு" என்றார் அப்பா, ரயில் நேரத்துக்கு வந்துவிட்ட திருப்தியோடு.

தாத்தாவை ஆணியார் பார்த்ததில்லை. கூடத்தில் போட்டோ மட்டும் இருந்தது. அதிலும் தாத்தா பெரிய மீசைக்குக் கீழே வாயை இறுக்க மூடியிருந்தார், சாட்சிக்குப் பிரயோஜனமில்லை.

"தாத்தாவுக்கு எல்லாப் பல்லும் தானா விழுந்துச்சா அப்பா?"

அப்பாவிடம் இதற்கென்று ஒரு வித்தை உண்டு. பிடிக்காத கேள்வி வந்தால் பல்செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிடுவார். அதற்கப்புறம் அவர் பேசுவது யாருக்கும் புரியாது, கேட்டவர் அலுத்துப்போவார். இப்போதும் செட் டம்ளருக்குள் இறங்கியது. "ஊவாவ்வா" என்றார் அப்பா, கைவிரித்து.

ஆணியாருக்குக் கோபம் வந்தது. அப்பா மேல் இல்லை, அந்தக் கெடு மேல். நாற்பத்தைந்தாம்! அவரைக் கேட்டு வைத்த கெடுவா இது? முன்பல் போனால் ஆணியை எங்கே வைப்பது, சட்டைப் பையிலா? பார்த்துவிடுகிறேன் ஒரு கை என்று எழுந்தார். எழுந்தவர் டாக்டரிடம் போகவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, சோபா தைக்கிற மெழுகு நூலால் ஆடுகிற பல்லைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்து, தொழில் முடிச்சுப் போட்டு இறுக்கினார். ஆடுகிற நாற்காலிக் காலை இப்படித்தானே கட்டுவது?

மூன்றாம் நாள் தாடை பூசணி மாதிரி வீங்கியது. நூல் ஈறுக்குள் எங்கோ போய்விட்டது. மனைவி செருப்பை எடுத்துப் போட்டாள்.

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். இடுக்கியால் நூலை இழுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதை யார் கட்டினது?"

"நான்தாங்க."

"முடிச்சு பிரமாதம். ஆடுற பல்லை நாங்களும் பக்கத்துப் பல்லோட சேத்துக் கட்டுறது உண்டு. ஆனா ஈறுக்கு மேல, ஒட்டி வைப்போம். உங்க நூல் வழுக்கி உள்ள இறங்கி, இருக்கிற எலும்பையும் அரிக்கப் பாத்திருக்கு."

பிறகு மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளந்தார். அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் நர்ஸ் எழுதிக்கொண்டாள். "மூணு. ரெண்டு. அஞ்சு. ஆறு. ஏழு."

ஏழு என்றபோது டாக்டர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. ஆணியாருக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். பழைய சோபாவின் துணியை உரித்து, உள்ளே சட்டம் உளுத்திருப்பதைப் பார்க்கும்போது அவர் வாயிலிருந்து வருகிற அதே குரல்.

"உள்ள கட்டை உளுத்திருக்கா?" என்றார் வாயில் கம்பியோடு.

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. "கிட்டத்தட்ட. பல்லுல சேர்ற அழுக்கு இறுகிக் காரை ஆகுது. காரை ஈறுக்கு அடியில போய் ஒக்காந்தா, ஈறு பல்லை விட்டு விலகும். உள்ள எலும்பு கரையும். போன எலும்பு தானா வராது. ஆனா சுத்தம் பண்ணி, தினமும் நீங்க பாத்துக்கிட்டா, கரையிறதை நிறுத்தலாம். நாலு தடவை வரணும். சக்கரை இருக்கான்னும் ஒரு டெஸ்ட் எடுங்க. சக்கரை இருந்தா ஈறு சீக்கிரம் ஆறாது."

"ரத்தம் வந்த இடத்துல நான் பிரஷ்ஷே படாம பாத்துக்கிட்டேங்க."

"அங்கதான் அழுக்கு குடித்தனம் வச்சிருக்கு. ரத்தம் வருதுன்னா அந்த இடத்தைத்தான் கூடுதலா விளக்கணும். மெதுவா, மெத்துன்னு இருக்கிற பிரஷ்ல. பல்லு இடுக்குக்கு இந்தக் குட்டி பிரஷ். அப்புறம், ஆணி வாய்க்குள்ள போகக் கூடாது, நூல் கடிக்கக் கூடாது."

"தொழிலே அதானேங்க!"

"தொழில் கையில இருக்கு சார். வாய் சாப்பிடறதுக்கு."

"சரி, பல்லு நிக்குமா நிக்காதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"மூணு மாசம் கழிச்சு திரும்ப அளந்து பாத்துட்டுச் சொல்றேன்."

இருபது வருஷமாக வாடிக்கைக்காரர்களிடம் "பாத்துட்டுச் சொல்றேன்" என்றே காலம் தள்ளியவர் ஆணியார். அந்த வார்த்தை எதிர்ப்பக்கம் நின்று கேட்டால் இவ்வளவு கசக்குமா?

முதல் தடவை மரத்துப்போக ஊசி போட்டு, கீழ்வரிசையின் ஒரு பக்கத்தைச் சுரண்டி எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நாக்கால் தடவிப் பார்த்தவருக்குப் பகீரென்றது. இடுக்கெல்லாம் திறந்து கிடந்தது. பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசியது. முன்பல் முன்னைவிட ஆடுகிற மாதிரி இருந்தது.

"சொன்னேனா இல்லையா?" அப்பா நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார். "சுத்தம் பண்ணினா பல்லு ஆடும்டா! பேசாம நாப்பத்தஞ்சு வரைக்கும் இருக்கறதை வச்சு ஓட்டு. அப்புறம் என்னை மாதிரி செட்டு. அழுக்கில்லை, வலியில்லை, ராத்திரி தனியாத் தூங்கும்."

ஒரு வாரம் ஆணியார் ஊசலாடினார், அவர் பல்லைப் போலவே. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார். "காரைதான் பல்லைத் தாங்கிப் பிடிச்ச மாதிரி உங்களுக்குத் தெரிஞ்சது. வீக்கம் வத்தி ஈறு இறுகினதும் ஆட்டம் குறையும். விட்டுடாதீங்க" என்றார். மனைவி குட்டி பிரஷ்ஷைத் தினமும் தட்டுக்குப் பக்கத்தில் கரண்டி மாதிரி வைத்தாள். ஆணியார் முணுமுணுத்துக்கொண்டே விளக்கினார். பட்டறையில் காந்தம் வைத்த சுத்தியல் ஒன்று வந்தது. ஆணி அதிலேயே ஒட்டிக்கொண்டது. வாய் சும்மா இருந்ததால் நாள் முழுக்கப் பாட்டு வந்தது. பக்கத்துக் கடைக்காரர்தான் பாவம்.

எட்டாம் நாள் விளக்கிவிட்டுத் துப்பினார். தண்ணீர் வெள்ளையாக இருந்தது. கண்ணாடிக்குள் இருந்த ஆளை முறைத்து, "பாக்கலாம்டா" என்றார்.

ரெண்டாம் தடவை போகிற நாள். சட்டை போட்டு, செருப்பு மாட்டி, வாசலில் நின்றார்.

"போகாதேடா" என்றார் அப்பா. குரல் வழக்கமான கேலிக் குரலாக இல்லை. "மிச்சப் பல்லும் போயிடும்."

"போகத்தான் போறேன் அப்பா. நாலு தடவைன்னா நாலு தடவையும். அந்தக் கெடுவை யார் வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. வச்சவங்க வந்து நேர்ல கேக்கட்டும், பதில் சொல்லிக்கிறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. நீங்க எத்தனை தடவை போனீங்க?"

அப்பாவின் கை வாய்க்குப் போனது. செட் கழன்று டம்ளரில் விழுந்தது.

ஆணியார் நகரவில்லை. செருப்போடு உள்ளே வந்து டம்ளரை எடுத்து, அப்பாவின் மடியருகே வைத்துவிட்டு, எதிரே தரையில் உட்கார்ந்தார். "எனக்கு நேரமாகுது. ஆனாலும் காத்திருக்கேன்" என்றார்.

அப்பா டம்ளரைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். மகனின் வாயில் இருக்கிற பல்லையும் பார்த்தார். பிறகு விரலை விட்டுச் செட்டை எடுத்து, உதறி, வாயில் பொருத்தி, ரெண்டு தரம் கடித்துச் சரிபார்த்துக்கொண்டார்.

"ஒரே தடவைதான் போனேன். சுத்தம் பண்ணதும் ஆடிச்சு, பயந்துட்டேன். திரும்ப வரச் சொன்னாங்க, போகல. வம்சமும் இல்ல, கெடுவும் இல்ல. எங்க அப்பா எழுபத்திரெண்டு வயசுல சாகும்போது அத்தனை பல்லும் இருந்துச்சு. நீ கிளம்பு, நேரமாச்சு."