தாடி வளர்க்காத எமில் ஹவ்லிக்

மார்ல் சிட்டிக்கு நூறு வயது ஆன வருஷம், 1971இல், ஊரில் ஆண்கள் யாரும் சவரம் செய்யக் கூடாது என்று மேயர் வெண்டல் ராஸ்மஸ் அறிவித்தார். முன்னோர்களைப் போல எல்லோரும் தாடி வைக்க வேண்டும். முடியாதவர்கள் நகராட்சியில் அனுமதி பேட்ஜ் வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். இரண்டும் இல்லாதவனை ஜூலைத் திருவிழாவில் விளையாட்டுக் கோர்ட்டில் நிறுத்தி, மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மூன்று முறை முக்குவார்கள். அமெரிக்காவில் எங்கள் கான்சாஸ் பக்கம் நூற்றாண்டு கொண்டாடிய ஊர்களில் இது வழக்கம்தான். அந்த பேட்ஜ்களை விற்றவள் நான். நகராட்சிக் குமாஸ்தா வேலையோடு, நூற்றாண்டு மலரைத் தட்டச்சு செய்வதும் என் தலையில் விழுந்திருந்தது.

எமில் ஹவ்லிக்குக்கு முகத்தின் வலது பாதியில் மட்டும்தான் தாடி வளரும். இடது கன்னமும் காதும் கழுத்தும் 1958 தீயில் வெந்து, மெழுகு வழிந்து உறைந்தது போல இருக்கும். தானியக் கிடங்கில் கோதுமைத் தூசி பொறி பட்டு வெடித்துத் தீப்பிடித்தபோது உள்ளே இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் ரெஃபூஜியோ என்ற மெக்சிக்கோக்காரர், ரயிலில் கோதுமை ஏற்ற வந்த கூலி. இன்னொருவன் வெண்டலின் தம்பி ட்வைட். ஊர்த் தீயணைப்புப் படையில் இருந்த எமில் உள்ளே ஓடி, கதவுக்குப் பக்கத்தில் கிடந்த ரெஃபூஜியோவை இழுத்து வந்தான். மறுபடி ஓடினான். கூரை இறங்கியது. பாதி முகத்தோடு தனியாக வெளியே வந்தான்.

அப்போது அந்தப் படைக்குத் தலைவர் வெண்டல். அவர் வெளியே குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே போகவில்லை. இதைப் பார்த்தவர்கள் நாற்பது பேர் இருப்போம். யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. "கூலிக்காரனைத் தூக்கிட்டு வந்தான், என் தம்பிய விட்டுட்டான்" என்று வெண்டல் சொல்லும்போது தலையாட்டுவோம்.

எமிலின் மனைவி டெல்லாவும் நானும் சர்ச்சில் ஒரே வரிசையில் நின்று பாடுகிறவர்கள். ஜூன் மாதம் அலுவலகத்துக்கு வந்தவளிடம், "உன் வீட்டுக்காரருக்கு ஒரு பேட்ஜ் வாங்கிட்டுப் போடி" என்றேன்.

"சொல்லிப் பாத்துட்டேன் வெல்மா. 'எனக்குப் பாதி முகத்துக்குத்தானே தாடி வரும், பாதி விலைக்குத் தருவாளான்னு வெல்மாவக் கேளு'ங்கறார்."

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவள் போன பிறகு அந்த நகைச்சுவையை அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன். வெண்டலிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"ஊர் விழா அவனுக்குக் கேலியா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை நான்காம் தேதி, பிரதான வீதியில் மேடை. ஊரே கூடியிருந்தது. உயரத் தொப்பி வைத்து நீதிபதியாக உட்கார்ந்திருந்தவர் வெண்டல். மலருக்குக் குறிப்பெடுக்க நான் தொட்டிக்கு அருகில் நின்றேன். தாடிக்காரர்கள் நான்கு பேர் எமிலைத் தூக்கி வந்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

"குற்றவாளி ஏதாவது சொல்லணுமா?"

"தண்ணி ரொம்பச் சில்லுன்னு இருக்குமாய்யா?"

கூட்டம் சிரித்தது.

"ஆமா, உனக்குச் சூடுதானே பழக்கம்" என்றார் வெண்டல்.

ஒரு கணம் யாரும் சிரிக்கவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள்.

மூன்று முறை முக்கினார்கள். எமில் இருமிக்கொண்டே போதும் என்று கையைத் தூக்கினான். வெண்டல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தன விட்டுட்டு வந்தியே, அதுக்கு ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார். எனக்கும் எமிலுக்கும் மட்டும் கேட்கிற குரல். பிடரியைப் பிடித்துத் தலையை உள்ளே அழுத்தினார்.

கூட்டம் உற்சாகமாக எண்ண ஆரம்பித்தது. "ஒண்ணு! ரெண்டு! மூணு!" பன்னிரண்டில் குரல்கள் மெலிந்தன. பதினேழில் ஒரு குழந்தை மட்டும் எண்ணியது. "விடுய்யா! அவருக்கு நெஞ்சுல புகை இருக்கு, விடு!" என்று டெல்லா கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாள். நான் கை நீட்டினால் வெண்டலின் சட்டையைப் பிடித்திருக்கலாம். என் கையில் பென்சில் இருந்தது.

வெண்டல் விட்டார். எமிலைத் தோளோடு அணைத்துத் தூக்கி, "சரியான ஆளுய்யா இவன்!" என்று அவன் கையை உயர்த்திக் காட்டினார். கைதட்டல். அப்போதுதான் படம் எடுத்தார்கள்.

எமிலுக்கு நிமோனியா வந்தது. ஆகஸ்ட் கடைசியில் செத்துப்போனான். "எப்பவோ கெட்டுப்போன நுரையீரல்" என்றார் டாக்டர். அந்த வாக்கியம் ஊருக்கு மருந்து போல இறங்கியது.

பழைய வீரன் என்று தீயணைப்புப் படையே சவப்பெட்டியைச் சுமக்கும் என்று முடிவாயிற்று. சர்ச் படியில் ஆறு பேர் நின்றார்கள். முன் கைப்பிடியில் வெண்டல்.

"கைய எடு" என்றாள் டெல்லா.

"டெல்லா, இது ஊர் செய்யற மரியாதை."

"அன்னிக்கு உள்ள போகாத கை. எடுய்யா."

பதின்மூன்று வருஷம் ஊர் விழுங்கி வைத்திருந்ததை அவள் படியில் போட்டு உடைத்துவிட்டாள். வெண்டல் கையை எடுத்தார். மற்ற ஐந்து பேரும் அவரைப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். வெயிலில் பெட்டி கிடந்தது. கடைசியில் டெல்லாவின் அண்ணனும், பாதிரியாரும், சவ அடக்கம் செய்கிற இருவரும் தள்ளாடித் தூக்கிப் போனார்கள்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில், அடக்கம் முடித்து வருகிறவர்களுக்குப் பெண்கள் நாங்கள் சாப்பாடு வைத்திருந்தோம். உப்பிட்ட பன்றிக்கறி, உருளைக்கிழங்கு சாலட், பழம் வைத்த பன்கள். படியில் நடந்த செய்தி வந்ததும் ஒவ்வொருத்தியும் தன் பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். நானும் என் பாத்திரத்தை எடுத்துக்கொண்டேன். கல்லறையிலிருந்து திரும்பியவர்களுக்கு வெறும் மேஜை விரிப்புகள்தான் இருந்தன.

அதற்குப் பிறகு டெல்லா பாட வந்தால் பக்கத்து இருக்கைகள் காலியாக இருக்கும். கடையில் அவள் நுழைந்தால் பேச்சு நிற்கும்.

மலர் அக்டோபரில் வெளிவந்தது. தீயைப் பற்றி வெண்டல் சொல்லச் சொல்ல நான் அடித்த வரி இது: "படைத் தலைவர் ராஸ்மஸின் துணிச்சலால் ஒரு தொழிலாளி உயிர் பிழைத்தார்." தொட்டிப் படத்துக்கு அடியில் நானே எழுதினேன்: "முக்கினாலும் சிரித்த முகம்." எமில் படத்தில் சிரிக்கவில்லை. வெந்த பக்கத்து உதடு எப்போதும் அப்படித்தான் மேலே இழுத்துக்கொண்டிருக்கும்.

நவம்பரில் டெல்லா தண்ணீர் இணைப்பைத் துண்டிக்கச் சொல்ல வந்தாள். சலைனா என்ற ஊரில் அண்ணன் வீட்டுக்குப் போகிறாளாம். படிவத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அன்னிக்குத் தொட்டிகிட்ட அவன் என்னமோ சொன்னான், அப்பறம்தான் அமுக்கினான். நீ பக்கத்துல நின்னே. என்ன சொன்னான்?"

உள் அறையில் வெண்டல் போனில் பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது.

"சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல டெல்லா."

அவள் பேனாவை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

"உனக்குப் பாட்டு நல்லா வரும் வெல்மா. காது நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஏப்ரலில் மேயர் தேர்தல் வந்தது. வெண்டலை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. வாக்குச்சீட்டில் அவர் பெயர் ஒன்றுதான் இருந்தது; குறி போடாமலே பெட்டியில் போட்டிருக்கலாம். நான் குறி போட்டேன்.