வடிகட்டாத பெட்ரோல்

உள்ளே பாடிக்கொண்டிருந்தவர்கள் மோட்டார் சத்தம் கேட்டுப் பாட்டை நிறுத்தினார்கள். சாவு வீட்டின் பின்னால், கால்வாய்க் கரையில் கட்டிக் கிடந்த வள்ளத்தில் செல்வதாஸ் யந்திரத்தை ஓடவிட்டிருந்தான். மாமனார் மாசிலாமணி முன்னறையில் வெள்ளை வேட்டி சட்டையோடு பெட்டிக்குள் கிடக்கிறார். மருமகன் மோட்டார் ஓட்டுகிறான். ஊர் வாய்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மைத்துனன் ராஜமணி கொல்லைப்புறம் ஓடிவந்தான்.

"அத்தான், உமக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அப்பாவ இன்னும் எடுக்கல்ல. அதுக்குள்ள இத என்னத்துக்குப் போட்டு உருட்டுகேரு?"

"என்ன கேடுன்னு பாத்துக்கிடுகேன், மக்கா. செத்த நேரம்."

"கேடு! எங்கப்பாவ நேத்து நடுக்கால்வாயில நிறுத்திக் கொன்னுதே, அதாக்கும் கேடு."

அவன் துண்டை உதறிக்கொண்டு திரும்பிப் போனான். யந்திரமும் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு, இருமி, திணறி நின்றது. நேற்றும் இப்படித்தான் நின்றது.

நேற்றுக் காலையில் மாசிலாமணியின் பழைய குடலிறக்கம் முறுக்கிக்கொண்டது. வயிறு கல்லாகிவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் சீக்கிரம் கத்தி வைத்தால் பிழைப்பார் என்று எல்லாரும் சொன்னார்கள். வள்ளக்காரன் சுயம்பு நீளக் கழியோடு வந்து நின்றான், ஊன்றிக் கொண்டுபோய்விடலாம் என்று. "கழி ஊனிப் போனா உச்சி வெயிலாயிரும். மோட்டார்ல ஒரு மணிக்கூர்ல போயிரலாம்" என்று அவனை நிறுத்தியது செல்வதாஸ்தான். மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப் போன யந்திரம் அது. கொப்பரை ஏற்றிப் போக வாங்கி, பிள்ளை வளர்ப்பதுபோல எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தவன் வேறென்ன சொல்வான்?

ஓடியது, நின்றது. டாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தான். பெட்ரோல் நிறையக் கிடந்தது. மூடிவிட்டுக் கயிற்றைச் சுற்றி இழுத்தான், ஓடியது. ஒரு வளைவு கடப்பதற்குள் மறுபடி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தான், மாற்றிப் போட்டான். மூடியைத் திறந்தான், மூடினான். மனைவியின் மடியில் கிடந்த கிழவரின் முனகல் அடங்கியபோதும் அவன் கயிற்றைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் குனிந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

கொன்றது தானா இல்லையா என்று தெரியாமல் அந்தப் பெட்டியருகே போய் நிற்க அவனால் முடியவில்லை. அதற்காகத்தான் இந்த அலங்கோலம்.

பிளக்கில் பொறி நீலமாக விழுந்தது. பெட்ரோலைத் துணியில் வடித்துப் பார்த்தான். பொட்டுத் தண்ணீர் இல்லை. குழாயை ஊதினான், அடைப்பில்லை. அலுத்துப்போய், மூடியைப் போடாமலே கயிற்றை இழுத்தான். யந்திரம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. மூடியைப் போட்டுத் திருகினான். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி நின்றது.

மூடியைக் கழற்றி வெயிலில் திருப்பிப் பார்த்தான். அதன் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். எண்ணெய் அழுக்கோடு அழுக்காக அந்தத் துளையை ஏதோ அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினான். சவுக்காரம்.

நேற்று மூடியைத் திறந்தபோதெல்லாம் தன்னையறியாமல் காற்று விட்டிருக்கிறான். மூடியபோதெல்லாம் கழுத்தை நெரித்திருக்கிறான். பெட்ரோலைப் பார்த்த கண், கையிலிருந்த மூடியைப் பார்க்கவில்லை. ஆனாலும் முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம். வெட்கமில்லாத சந்தோஷம். யந்திரத்தில் கேடில்லை, அதை நம்பியதில் தப்பில்லை. ராஜமணியைக் கூப்பிட்டு இந்த மூடியைக் காட்டினால் போதும்.

வாயெடுப்பதற்குள் அவன் மனைவி ஞானபாய் கருப்பட்டிக் காப்பியோடு வந்துவிட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"நேத்து முதல் ஒண்ணும் குடிக்கல்ல நீங்க" என்றவள், அவன் கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். "அது நானாக்கும் வச்சேன்."

"எது?"

"சவுக்காரம். வள்ளத்தில ஏத்தினப்ப அப்பா பெட்ரோல் நாத்தத்தில ஓங்கரிச்சாவ இல்லியா? அந்தத் துளை வழியாத்தான் வந்துது. துணி அலசக் கொண்டுவந்த சவுக்காரத்தக் கிள்ளி அடச்சேன். பெறவு அப்பா ஓங்கரிக்கவே இல்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்பாவுக்குன்னு நான் செஞ்சது அது ஒண்ணுதான். அத நெனச்சாக்கும் இப்ப எழும்பி நடக்கியேன்."

செல்வதாஸ் மூடியை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டான். 

"அது நல்லதாக்கும், ஞானம்" என்றான்.

"என்ன கேடுன்னு தெரிஞ்சுதா?"

கால்வாயில் ஒரு தென்னை மட்டை மிதந்து போனது. அது வள்ளத்தில் முட்டி, திரும்பி, மறுபடி நீரோட்டத்தில் சேர்ந்தது.

"பெட்ரோல்ல தண்ணி."

"அது எப்பிடி வந்துது?"

"வடிகட்டித்தான் ஊத்தணும். நேத்து அவசரத்தில நான் அப்பிடியே ஊத்திட்டேன்."

ஞானபாய் அவனையே பார்த்தாள். அவன் தலையைக் குனியவில்லை. குனிந்திருந்தால் அவள் வேறு ஏதாவது கேட்டிருப்பாள்.

"வடிகட்டாமலா?" என்றாள். "எங்கப்பா அங்க உயிருக்குத் துடிச்சிட்டுக் கெடக்காவ. ஒரு துண்டு துணி வச்சு வடிகட்ட உங்களுக்கு நேரமில்ல?"

காப்பியைக் கொடுக்காமலே திரும்பிப் போனாள். உள்ளே போனதும் அவள் குரலும், அதன்மேல் ராஜமணியின் குரலும் கேட்டன. பிறகு யாரோ இருவரையும் அடக்கினார்கள்.

கோயில் மணி அடித்தது. உபதேசியார் ஜெபித்து முடித்ததும் பெட்டியை மூடி ஆணி அடித்தார்கள். செல்வதாஸ் கைகழுவி, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டு மருமகன் என்ற முறையில் கால்மாட்டுப் பக்கம் வந்து குனிந்தான். ராஜமணி அவன் கையைப் பெட்டியிலிருந்து விலக்கினான்.

"நீரு தொடாண்டாம். சுயம்பு, இஞ்ச வா. இந்த மூலையப் பிடி."

சுயம்பு தயங்கி நின்றான். செல்வதாஸ் ஞானபாயைப் பார்த்தான்.

"பிடியும் அண்ணே" என்றாள் அவள், சுயம்புவிடம்.

நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். நிலைவாசல் குறுகலானது. செல்வதாஸ் முன்னால் போய், ஒற்றைக் கதவைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் வெளியே போகும்வரை நின்றான்.