பருத்தி, வயல்மண், வியர்வை

“அந்தச் சட்டையைக் கழட்டிக் குடுங்க மேடம்.”

கண்காட்சிக்கு உதவி செய்யச் சேர்ந்த முதல் நாளே மலர்க்கொடிக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்: சுவரில் ஏறிய எதையும் இறக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது. தண்ணீர் கேட்கலாம், லீவு கேட்கலாம், இதை மட்டும் கேட்கக் கூடாது. அவள் கேட்டுவிட்டாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் அந்த நீள வீட்டுக்குள் இருபது பேர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

பேட்ரிசியா மேடம் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார். கல்லூரியில் அவளுக்கு ஆசிரியை அவர்தான். இங்கே தொங்குவதெல்லாம் அவர் செய்தவை. முன்னறையில் மட்டும் போனால் போகிறதென்று மாணவர்களின் ஓவியங்களுக்கு ஒரு சுவர் விட்டிருந்தார்.

“எந்தச் சட்டை?”

“எங்கம்மா சட்டை.”

“மெதுவா பேசு. ஆளுங்க இருக்காங்க.”

பத்து நிமிடம் முன்னால்தான் போன் வந்தது. “ஏய் மலரு, டோல்கேட் வந்துட்டோம். பஸ் மாறி வந்துடுறோம்” என்றாள் அம்மா வேலம்மாள்.

“வர்றோம்னா? கூட யாரு?”

“நம்ம நடவு ஆளுங்கதான், நாலு பேரு. என் சட்டைக்கு லைட்டெல்லாம் போட்டுத் தொங்கவிட்டிருக்காங்கன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாளுவ. காட்டிட வேண்டியதுதான்.”

போனை வைத்ததும் மலர்க்கொடி நேராக மேடத்திடம் வந்திருந்தாள்.

திருவெள்ளறைப் பக்கம் வயல் வேலைக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். வெயிலுக்கும் அரிக்கிற நெற்சுணைக்கும் அதுதான் காப்பு. வேலம்மாளுடையது நீலக் கட்டம் போட்ட முழுக்கை. எட்டு வருடத்துக்கு முன் புருஷனிடமிருந்து பிடுங்கியது. “அம்மா வேலைக்குப் போடுற சட்டை ஒண்ணு கொண்டு வர முடியுமா?” என்று மேடம் கேட்டபோது மலர்க்கொடிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஊருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

வேலம்மாள் என்ன செய்தாள்? நாலு பேர் பார்க்கிற இடத்தில் வைக்கப் போகிறார்கள் என்றதும் சட்டையை மூன்று தரம் சோப்புப் போட்டுத் துவைத்தாள். சொட்டு நீலம் போட்டாள். கஞ்சியில் முக்கி எடுத்தாள். விழுந்திருந்த ஒரு பொத்தானுக்குப் பதில் வெள்ளைப் பொத்தான் தைத்தாள். மண்ணச்சநல்லூரில் இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள்.

மன்னார்புரத்தில் தன் வீட்டில் வைத்துப் பொட்டலத்தைப் பிரித்த மேடம் முகத்தைத் தொங்கப் போட்டார். “ஐயோ, இதுல ஒண்ணுமே இல்லையே மலர்! எல்லாம் போச்சே!”

போனதைத் திரும்பக் கொண்டுவரும் வேலை மலர்க்கொடியின் தலையில் விழுந்தது. மேடம் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு மதியம் உட்கார்ந்தாள். டீத்தூளைக் கொதிக்க வைத்து அக்குளிலும் முதுகிலும் ஊற்றினாள். நர்சரியில் வாங்கிய செம்மண்ணைச் சலித்துத் தேய்த்தாள். வெள்ளைப் பொத்தானை பிளேடால் அறுத்துத் தன் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டாள். நல்ல மாணவி அல்லவா, கறை அச்சு அசலாக விழுந்தது. மேடம் அதற்கு ‘கழுவாத நாட்கள்’ என்று பெயர் வைத்தார். கீழே சின்ன அட்டை: பொருள் – பருத்தி, வயல்மண், வியர்வை. அம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை. நாலு நாளாக, முதுகில் ‘என்னைக் கேளுங்கள்’ என்று அச்சடித்த கறுப்பு டீ-ஷர்ட்டில் நின்றுகொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் அவளேதான் சொன்னாள், “இது ஒரு பருவத்தோட வியர்வைக் கறைங்க.” சொல்லும்போதெல்லாம் தொண்டையில் டீத்தூள் கசந்தது.

அவளும் கண்காட்சி பார்க்காதவள் இல்லை. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து சென்னை, புதுச்சேரி, கொச்சி என்று பதினொன்று பார்த்தாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பார்வைக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். ஓரிடத்தில் அறை முழுக்க நெல்லைப் பரப்பி, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னார்கள். பக்கத்தில் நடந்தவள் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆஹா’ என்றாள். களத்தில் நெல்லைக் காலால் துழாவிக் காயவைத்தே வளர்ந்த மலர்க்கொடிக்கு, இதற்கு எதற்குக் கண்ணை மூட வேண்டும் என்று விளங்கவில்லை. இன்னோரிடத்தில் இருநூறு அரிவாள்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். எல்லோரும் அண்ணாந்து போட்டோ எடுத்தார்கள். இவள் பிடிகளைப் பார்த்தாள். ஒன்றுகூடத் தேய்ந்திருக்கவில்லை. ‘இவை ஒரு கதிரும் அறுக்காதவை’ என்று குறிப்பில் எழுதினாள். மேடம் சிவப்பு மையில் பதில் எழுதியிருந்தார்: ‘கோபம் வேண்டாம். படைப்பைப் பார்.’ அன்றைக்கு அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், என் கை படுகிறதில் பொய் இருக்காது என்று. மனசு சொல்லிற்று, கை டீத்தூளைக் கொதிக்க வைத்தது.

மேடம் அவள் கையைப் பிடித்துப் பின்கட்டுச் சமையலறைக்கு இழுத்துப் போனார். கொல்லைக் கதவை அடைத்து பீரோக்களை அடுக்கியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு வழி ஒன்றுதான், முன்வாசல்.

“அம்மா வரட்டும். முன்ரூம்ல உன் படத்தைக் காட்டு. காபி வாங்கிக் குடு. இந்தப் பக்கம் கரண்ட் இல்லைன்னு சொல்லிடு.”

“அவங்க என் படத்தைப் பாக்க வரலை மேடம். சட்டையப் பாக்க வர்றாங்க. நாலு பேரைக் கூட்டிட்டு வர்றாங்க. அதுங்க பாத்தா என்ன சொல்லும் தெரியுமா? தொவைக்காமலா குடுத்தனுப்பினேன்னு அம்மா மூஞ்சிக்கு நேரா கேக்கும்.”

“சரி, நான் பேசறேன். எல்லார் முன்னாடியும் அம்மாவுக்கு ஒரு பொன்னாடை போத்தறேன்.”

“அழுக்குச் சட்டைக்குப் பக்கத்துல நிக்க வச்சா?”

“அது அழுக்கு இல்லம்மா. உழைப்பு.”

“டீத்தூள் மேடம்.”

மேடம் வேறு குரலில் சொன்னார். “எங்கப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தார். கிரீஸ் ஊறின சட்டை. அவர் செத்த மறுநாள் எங்கம்மா அதை எரிச்சுட்டாங்க. இன்னிவரைக்கும் தேடறேன். அதனாலதான் உங்கம்மாவோடதைக் கேட்டேன். விளையாட்டுக்கு இல்ல.”

மலர்க்கொடிக்கு ஒரு கணம் மனசு இளகத்தான் செய்தது. மேடம் பொய்யான மனுஷி இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவரென்றால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

“நீங்க தேடுறது உங்க அப்பா சட்டைய. எங்கம்மா குடுத்தது தொவைச்ச சட்டை. அதை அப்படியே மாட்டியிருந்தா நான் ஏன் மேடம் கேக்கப் போறேன்?”

“மாட்டியிருந்தா யாரு நின்னு பாப்பா?”

“நாலு பேரு பஸ் ஏறி வர்றாங்களே.”

மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “உன் கடிதத்தைத்தான் இப்ப எழுதிட்டிருக்கேன். அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். நீ சட்டையைக் கழட்டினேன்னா அதுல நான் என்னன்னு எழுத? நீயே சொல்லு.”

வடக்கே மேல்படிப்புக்கான பரிந்துரைக் கடிதம் அது. இந்த வருடம் விட்டால் ஊரில் மாப்பிள்ளை பார்க்கத் தயாராக இருக்கிறார்கள். அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அந்தச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை நடந்து வரிசையில் நின்றது அதே சட்டை போட்ட அம்மாதான், ஒவ்வொரு தடவையும் வயலிலிருந்து நேராக. அந்த வரிசையில் அப்போதெல்லாம் அம்மாவை விட்டு நாலடி தள்ளி நின்றது மலர்க்கொடி.

“உள்ளதை எழுதுங்க மேடம்” என்றாள்.

முடிவு அம்மாவின் போனை வைத்தபோதே எடுத்தாகிவிட்டது. கேட்டதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்.

மூன்றாவது அறையில் கூடப் படிக்கிற ஆசீர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பட்டுச்சேலை அம்மாள் சட்டையருகே மூக்கைக் கொண்டுபோய், “வயக்காட்டு வாசனைகூட வருது பாருங்கோ!” என்றாள். மலர்க்கொடி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

“கொஞ்சம் தள்ளுங்க.”

சட்டையைத் தாங்கிய நைலான் நரம்பைக் கத்தரித்தாள். சட்டை கைமேல் விழுந்தது. விளக்கு வெறும் சுவரில் எரிந்தது. ஒருவர் போனைத் தூக்கிப் படம்பிடித்தார்.

“ஏம்ப்பா, இதுவும் புரோகிராம்ல உண்டா?”

“எனக்குச் சொல்லலைங்க” என்றான் ஆசீர். அவள் பின்னாலேயே ஓடிவந்து தன் தோள்பையை நீட்டினான். “பையில போட்டுக்கடி. அம்மா பாத்துடப் போறாங்க.”

“பாக்கட்டும்.”

“என்னன்னு சொல்லுவே?”

“நான்தான் அழுக்காக்கினேன்னு.”

“செருப்பு பிஞ்சிடும்.”

“பிய்யட்டும்.”

மேடம் பின்கட்டு நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. முன்னறை மேஜையில் லேப்டாப் திறந்தே கிடந்தது, பாதிக் கடிதத்தோடு. மலர்க்கொடி அதைப் படிக்க நிற்கவில்லை. மேஜையடியில் இருந்த தன் பென்சில் டப்பாவை மட்டும் எடுத்துத் திறந்து பார்த்தாள். ரப்பருக்கும் கரிக்கட்டைக்கும் நடுவில் பொத்தான் இருந்தது.

போன் அடித்தது.

“ராஜகோபுரத்துக்கிட்ட இறங்கிட்டோம்டி. எந்தப் பக்கம் வரணும்?”

“அங்கயே நில்லும்மா. நான் வரேன்.”

சட்டையைக் கறை வெளியே தெரிய முழங்கைமேல் போட்டுக்கொண்டு வாசற்படி இறங்கினாள்.