மதியத்தில் போன திட்டு

ஒழுகுகிற கூரையை அடைக்காமல் காட்டுக்குப் பிரேசில் கொட்டை பொறுக்கப் போய்விட்டான் நிக்கானோர். ரிபெரால்டா ஊர் வானொலி, காட்டில் இருப்பவர்களுக்கு வீட்டுச் சேதி படிக்கும். அதில் மூன்று வாரமாகத் தினமும் அவனுக்குத் திட்டு அனுப்பினாள் மனைவி டெல்மீரா. அவன் சாப்பிட உட்காரும் மதிய வேளையாகப் பார்த்துத்தான் படிக்கச் சொன்னாள். காட்டிலிருந்து வரும் படகில் பதிலே வரவில்லை. ஆத்திரத்தோடு நிலையத்துக்கு வந்தாள்.

“அந்த மனுஷனுக்குக் காது அடைச்சுப்போச்சா, ரொசென்டோ அண்ணே?”

அறிவிப்பாளர் சிரித்தார். “பகல்ல வெயில் மேல வானத்துல ஒரு அடுக்கை உண்டாக்கி, நம்ம அலையை விழுங்கிடுது, தாயி. பொழுது சாஞ்சா அது கலைஞ்சிடும். அப்புறம் அலை இன்னும் மேல போய் முட்டித் திரும்பி, தூரக் காட்டுல விழும். மதியத்துல பக்கத்துல மட்டும்தான் கேக்கும்.”

“அப்போ நான் திட்டினது யாருக்குத்தான் கேட்டுச்சு?”

“ஊருக்கே கேட்டுச்சு. அவன் ஒருத்தனுக்குத்தான் கேக்கல.”

டெல்மீராவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கையிலிருந்த அன்றைய திட்டுச் சீட்டைக் கிழித்துவிட்டு, புதிதாக ஒன்று எழுதி நீட்டினாள்.

“இதைப் பொழுது சாஞ்சப்புறம் படிங்க.”

ரொசென்டோ பார்த்தார். ‘கூரை ஒழுகினால் ஒழுகட்டும். மரத்தடியில் நிற்காதே, காய் தலையில் விழும். பத்திரமாக வா.’

“இதுவும் ஊருக்குக் கேக்குமே, தாயி?”

“திட்டை மூணு வாரம் கேட்ட ஊருதானே, இதையும் கேட்டுத் தொலையட்டும்!”